சிடூனாவுக்கும் நார்ஸ்மனுக்கும் நடுவே: கேரவனில் தண்ணீரும் இரவுத் தங்கலும்

உங்கள் கேள்வி இது: கணவன், மனைவி, 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஜூலை பள்ளி விடுமுறையில் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து பெர்த் வரை, நல்லர்பார் சமவெளி வழியாகக் கேரவனை இழுத்துக்கொண்டு போகப்போகிறீர்கள். வழியில் தண்ணீர் எங்கெங்கே பிடிக்கலாம், இரவில் எங்கே நிறுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சாலையை நான் மூன்று முறை கேரவனோடு கடந்திருக்கிறேன், இரண்டு முறை குளிர்காலத்தில், ஒரு முறை கோடையில். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். சமவெளியின் கிழக்குப் பக்கத்து ஊரான சிடூனாவில் டேங்கை முழுக்க நிரப்புங்கள். அடுத்து நிரப்பப்போவது மேற்குப் பக்கத்து ஊரான நார்ஸ்மனில்தான் என்று மனதில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 1,200 கிலோமீட்டர். அதில் ஒரு சொட்டும் கிடைக்காது என்று கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். நடுவில் எங்கேயாவது கிடைத்தால் அது கூடுதல். கிடைக்கும் என்று நம்பிப் போகிறவர்தான் அங்கே சிக்கிக்கொள்கிறார். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று தேடுவதைவிட எவ்வளவு கொண்டுபோகிறோம் என்று பார்ப்பதுதான் இந்தப் பயணத்துக்குப் பொருந்தும். அதைச் சரியாகச் செய்துவிட்டால் தங்குமிடக் கேள்வியும் பாதி தீர்ந்துவிடும். கையில் தண்ணீர் இருக்கிறவர் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், இல்லாதவர் குழாய் இருக்கிற இடத்தில்தான் நிறுத்தியாக வேண்டும்.

ஏன் அங்கே தண்ணீர் இல்லை என்று தெரிந்துகொண்டால் இதை நம்புவது சுலபம். நல்லர்பார் என்பது ஏறக்குறைய 2 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிற ஒரே சுண்ணாம்புப் பாறை. லத்தீனில் 'மரம் இல்லை' என்று அர்த்தம். மரம் மட்டுமல்ல, ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. பெய்கிற கொஞ்ச மழையும் பாறை இடுக்குகள் வழியாக அப்படியே கீழே இறங்கிவிடுகிறது. கீழே குகைகளும் அவற்றில் ஏரிகளும் இருக்கின்றன. வழியில் வரும் காக்கிள்பிடிக்குப் பக்கத்தில் உள்ள குகைக்குள் முக்குளிக்கும் வல்லுநர்கள் பல கிலோமீட்டர் நீந்திப் போயிருக்கிறார்கள். ஆனால் அந்த நிலத்தடி நீர் உப்பு கலந்தது. காலுக்கடியில் அவ்வளவு தண்ணீர் இருந்தும் ஒரு டம்ளர் குடிக்க முடியாது.

1841-ல் எட்வர்ட் ஜான் எயர் இந்தக் கடற்கரையோரமாக நடந்து கடந்தார். இன்றைய நெடுஞ்சாலைக்கு அவர் பெயர்தான். அவர் உயிரோடு போய்ச் சேர்ந்ததற்கு ஒரு முக்கியமான காரணம் அங்கே வாழ்ந்த பழங்குடி மக்கள். கடலோர மணல்மேடுகளில் எந்த இடத்தில் தோண்டினால் நல்ல நீர் ஊறும் என்று அவர்கள்தான் காட்டிக்கொடுத்தார்கள். அதுவும் கிடைக்காத நாட்களில் அதிகாலையில் புல்லிலும் புதரிலும் இருந்த பனியை அவர் ஸ்பாஞ்சில் ஒற்றி எடுத்துப் பிழிந்து குடித்திருக்கிறார். அந்த மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த ஊற்றுகள் அவை. நாம் போய் மணலைத் தோண்டிப் பார்க்கிற விஷயம் இல்லை.

சரி, எவ்வளவு வேண்டும்? நான் போடுகிற கணக்கைச் சொல்கிறேன். குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். முகம் கழுவ, பாத்திரம் தேய்க்க, உடம்பைத் துடைக்க அல்லது மிகச் சுருக்கமாகக் குளிக்க இன்னொரு 5 லிட்டர். நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர். சிடூனாவிலிருந்து நார்ஸ்மன் வரை நிதானமாகப் போனால் நான்கு இரவு. அப்படியென்றால் 160 முதல் 200 லிட்டர். குடும்பக் கேரவன்கள் பலவற்றில் 80 லிட்டருக்கு மேல் பிடிக்கிற டேங்க் இரண்டு இருக்கும். ஆக டேங்க் இரண்டும் நிறைந்திருந்தால் சாதாரணப் பயணத்துக்குப் போதும்.

அதற்கு மேல் 20 லிட்டர் ஜெரி கேன் இரண்டு, காரில். இதை மேலே சொன்ன கணக்கில் சேர்க்காதீர்கள். இது பயணத்துக்கான தண்ணீர் இல்லை, பயணம் நின்றுபோனால் வேண்டிய தண்ணீர். கேரவனில் வைக்காமல் காரில் வைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அச்சு முறிந்து கேரவனை ஓரிடத்தில் விட்டுவிட்டுப் போக நேர்ந்தாலும் 40 லிட்டர் உங்களோடு வரும்.

'ஜூலைதானே, குளிர்தானே, எதற்கு இவ்வளவு' என்று தோன்றும். சாலை ஓடிக்கொண்டிருக்கும் வரை அது நியாயமான கேள்விதான். 2019 டிசம்பர் கடைசியில் நார்ஸ்மன் பகுதியில் காட்டுத் தீ பரவி, எயர் நெடுஞ்சாலையைப் பல நாட்களுக்கு மூடிவிட்டார்கள். ஜனவரி பிறந்த பிறகும் திறக்கவில்லை. அந்தப் பக்கம் ஆட்கள், இந்தப் பக்கம் ஆட்கள், நடுவில் உள்ள ரோடுஹவுஸ்களில் (பெட்ரோல், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்ந்த சாலையோர நிலையங்கள்) லாரிகளும் கேரவன்களும் நிறைந்துபோயின. அதே டிசம்பர் 19-ந் தேதிதான் நல்லர்பாரில் 49.9 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருந்தது. ஜூலையில் தீ வாய்ப்பு குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு விபத்து, ஓர் இயந்திரக் கோளாறு, ஊரிலிருந்து வரவேண்டிய ஓர் உதிரிபாகம் என எது வந்தாலும் இரண்டு நாள் போய்விடும். கோடையில் போகிறவர்கள் நான் சொன்ன குடிநீர் அளவை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

எடையையும் பார்த்தாக வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 200 லிட்டர் ஏற்றினால் 200 கிலோ ஏறுகிறது. உங்கள் கேரவனின் தகட்டில் அதிகபட்ச எடை எழுதியிருக்கும். டேங்க் நிறைந்த நிலையில், சாமான்களோடு, எடை மேடையில் ஒரு முறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். டேங்க் அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதும் முக்கியம். பின்னால் இருக்கிற டேங்க் மட்டும் நிறைந்து, முன்னால் இருப்பது காலியாக இருந்தால் இணைப்புக் கொக்கியில் இறங்கும் பாரம் குறைந்து, கேரவன் வாலாட்ட ஆரம்பிக்கும். நல்லர்பாரில் கடலிலிருந்து வீசுகிற பக்கக் காற்றும் எதிரே 36 மீட்டர் நீள ரோடு டிரெயின் (பல டிரெய்லர்களை இழுக்கும் லாரி) கடந்துபோகிற காற்றடியும் சேர்ந்தால் அந்த ஆட்டம் பயங்கரமாக இருக்கும். எந்த டேங்கை முதலில் காலி செய்வது என்று யோசித்துச் செய்யுங்கள். என் கேரவனில் பின் டேங்கைத்தான் முதலில் செலவழிப்பேன்.

இரண்டு டேங்க் இருந்தால் நடுவில் உள்ள வால்வை மூடிவையுங்கள். ஒன்று முடிந்த பிறகு மற்றதைத் திறங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் பயணத்தில் மடூராவைத் தாண்டி ஓர் ஓய்விடத்தில் நிறுத்தினோம். என் மனைவி அரிசி களையக் குழாயைத் திறந்தாள். பம்ப் மட்டும் கடகடவென்று சத்தம் போட்டது, தண்ணீர் வரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்துப் பார்த்தேன். டேங்கின் அடியில் உள்ள வடிகால் திருகு உடைந்து ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கேயோ கல் தெறித்து அடித்திருக்கிறது. அன்றைக்கு வால்வு திறந்திருந்ததால் இரண்டு டேங்கும் சேர்ந்தே காலி. அடியில் இருந்த இரும்புச் சட்டத்தில் செம்மண் ஈரமாக ஒட்டியிருந்ததுதான் மிச்சம். காரில் இருந்த இரண்டு கேன்களை வைத்துக்கொண்டுதான் நார்ஸ்மன் வரை போனோம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டேங்க்குகளுக்கு அடியில் தகட்டுக் காப்பு போட்டேன். உங்களுடையது வாடகைக் கேரவன் என்றால், எடுக்கும்போதே அடியில் குனிந்து இதைப் பாருங்கள். இல்லாவிட்டாலும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் டயரைத் தொட்டுப் பார்க்கும்போது டேங்கின் அடியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சுவரில் எரியும் விளக்கு அளவுமானியை நம்பவேண்டாம். அது கால் டேங்க் தண்ணீரை அரை டேங்க் என்று காட்டும்.

நிரப்புகிற முறையிலும் கொஞ்சம் பொறுமை வேண்டும். குழாயைப் பார்த்ததும் ஹோஸை மாட்டாதீர்கள். முதலில் பலகையைப் படியுங்கள். குடிக்க உகந்ததல்ல என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். குழாய் ஊதா நிறத்தில் இருந்தால் அது மறுசுழற்சி செய்த நீர், தொடக்கூடாது. குடிநீர் என்று உறுதியான பிறகு, குழாயை ஒரு நிமிடம் திறந்து விடுங்கள். வெயிலில் நின்ற தண்ணீர் வெளியேறட்டும். ஒரு டம்ளரில் பிடித்து முகர்ந்து, நாக்கில் வைத்துப் பாருங்கள். அப்புறம் உங்களுடைய சொந்த, உணவுத்தர ஹோஸால் நிரப்புங்கள். அந்த ஹோஸின் இரண்டு முனைக்கும் மூடி போட்டு, தனிப் பையில் வைத்திருங்கள். கழிவறைப் பெட்டியைக் கழுவுகிற ஹோஸ் வேறு, அது வேறு பெட்டியில்தான் பயணிக்க வேண்டும். அவசரத்தில் இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் குடும்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கும்.

கிடைத்த தண்ணீரின் தரத்தில் சந்தேகம் இருந்தால் அதை நல்ல தண்ணீரோடு கலக்காதீர்கள். காலியான டேங்க் ஒன்றில் தனியாகப் பிடித்துக்கொண்டு, கை கால் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும், உப்பு போகாது. தண்ணீர் ஆவியாவதால் உப்பு இன்னும் கூடத்தான் செய்யும். கேரவனில் இருக்கும் கரி பில்டர் வாடையையும் குளோரினையும் எடுக்கும், அதுவும் உப்பை எடுக்காது. உப்பை எடுக்க வீட்டில் வைத்திருப்பது போன்ற ஆர்ஓ இயந்திரம் வேண்டும், அது குடிக்கத் தருகிற அளவுக்கோ அதற்கு மேலோ தண்ணீரை வீணாக்கும். ஆஸ்திரேலியக் குடிநீர் வழிகாட்டியில், லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் கரைந்த உப்பு இருந்தால் சுவை நல்லது, 1,200-ஐத் தாண்டினால் ஏற்கத்தக்கதல்ல. இதை அளக்கப் பேனா அளவில் ஒரு மீட்டர் விற்கிறது. வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கும் அது பிடித்தமான வேலையாகிவிடும். ஆனால் அந்த மீட்டர் கிருமியைக் காட்டாது, உப்பை மட்டும்தான் காட்டும்.

உப்பு நீரை டேங்கில் ஏற்றினால் நாக்குக்கு மட்டும் கேடு இல்லை, வெந்நீர் கொதிகலனும் அரித்துப்போகும். இது புதிய பிரச்சினையும் இல்லை. சாலைக்கு வடக்கே ஓடுகிற ரயில் பாதையில் நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில், ஆழ்துளைக் கிணற்று நீர் கொதிகலன்களை அரித்தது ரயில்வேக்குத் தீராத தலைவலி. 1951-ல் டீசல் எஞ்சின்கள் வந்த பிறகுதான் ஓய்ந்தது. அந்தப் பாதையோர ஊர்களுக்கு மளிகையும் இறைச்சியும் தண்ணீரும் கொண்டுபோக, 'டீ அண்ட் சுகர்' என்று மக்கள் அழைத்த ஒரு ரயில் 1917 முதல் 1996 வரை ஓடியது. அங்கேயே குடியிருந்தவர்களுக்கே தண்ணீர் வண்டியில்தான் வந்தது.

இப்போது ரோடுஹவுஸ்கள். பெனாங், நண்ட்ரூ, நல்லர்பார், பார்டர் வில்லேஜ், யூக்லா, முண்ட்ரபில்லா, மடூரா, காக்கிள்பிடி, கைகூனா, பலடோனியா என்று வரிசையாக வரும். பெட்ரோல், டீசல், சாப்பாடு, அறை, கேரவன் நிறுத்த இடம் பெரும்பாலும் எல்லாவற்றிலும் இருக்கும். தண்ணீர் மட்டும் வேறு கதை. அவர்கள் உப்பு நீரைச் சுத்திகரித்தோ, மழைநீரைச் சேர்த்தோ, லாரியில் வரவழைத்தோதான் சமாளிக்கிறார்கள். மின்சாரத்தோடு இடம் எடுத்தால் பக்கத்தில் குழாயும் இருக்கும் என்று நகரத்துக் கேரவன் பார்க் பழக்கத்தில் நினைத்துவிடாதீர்கள். குளிக்கக் காசு போடவேண்டிய இடங்களும் உண்டு. எனக்கு இதில் எந்தக் குறையும் இல்லை. அவர்கள் கொடுக்கிற ஒவ்வொரு லிட்டரும் காசு கொடுத்து உண்டாக்கியது. டேங்க் நிரப்பிக்கொள்ளட்டுமா என்று கேட்காதீர்கள். அவசரம் என்றால் பத்து லிட்டர் விலைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள், முகம் கோணாமல் கொடுப்பார்கள். இரண்டு இரவுக்கு ஒரு முறை ரோடுஹவுஸில் தங்கி, காசு கொடுத்து நால்வரும் வெந்நீரில் குளித்துவிட்டால் உங்கள் டேங்க் தண்ணீர் அப்படியே மிஞ்சும். இதுதான் நான் சொல்கிற சிறந்த வழி.

சாலையோர ஓய்விடங்கள் சிலவற்றில் கூரையும் அதன் அடியில் மழைநீர்த் தொட்டியும் இருக்கும். மழை பெய்திருந்தால் தண்ணீர் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. பறவை எச்சமும் தூசியும் படிந்த கூரை வழியாக வந்த தண்ணீர் அது. குடிப்பதென்றால் நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். டேங்க் நிரப்ப அதைப் பயன்படுத்தாதீர்கள். அடுத்து வருகிற சைக்கிள்காரருக்கு அதுதான் உயிர். ஆமாம், அந்தச் சாலையைச் சைக்கிளில் கடக்கிறவர்கள் இருக்கிறார்கள். யாரையாவது பார்த்தால் நிறுத்தி, பாட்டிலை நிரப்பித் தரட்டுமா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

செலவைக் குறைக்கிற பழக்கங்களில் எங்கள் வீட்டில் நிலைத்தவை சில. சாதத்தை வடிக்காமல் குக்கரில் அளந்து வைப்போம். தட்டுகளை முதலில் காகிதத்தால் துடைத்துவிடுவோம், பிறகு ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். நான்கு பேர் சாப்பிட்ட பாத்திரம் ஒரு லிட்டருக்குள் முடிந்துவிடும். முதல் நாள் நம்ப முடியவில்லை, அளந்து பார்த்துத்தான் நம்பினோம். கேரவன் ஷவரை ஓடவிட்டால் நிமிடத்துக்குப் பல லிட்டர் போய்விடும், அதனால் நனைக்க ஒரு முறை, அலச ஒரு முறை, நடுவில் மூடிவைக்க வேண்டும். பிள்ளைகள் பல் தேய்க்க ஒரு டம்ளர். பெரியவனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து அன்றன்றைக்கு எவ்வளவு செலவானது என்று எழுதச் சொல்லுங்கள். குடும்பத்தில் வேறு யார் சொன்னாலும் கேட்காதவர்கள் அவன் சொன்னால் கேட்பார்கள்.

அடுத்து இரவு. எங்கே நிறுத்துவது என்பதற்கு முன்னால், எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள். ஜூலையில் பொழுது சீக்கிரம் சாயும். கங்காரு, வாம்பட், ஒட்டகம் எல்லாம் சாலைக்கு வருகிற நேரம் அந்தி. நீங்கள் மேற்கே போவதால் மாலை வெயில் நேராகக் கண்ணில் விழும். மூன்றரை, நான்கு மணிக்கு வண்டி நின்றிருக்க வேண்டும். பொழுதோடு போனால் நல்ல இடமும் கிடைக்கும், இருட்டிய பிறகு போனால் மிஞ்சியதுதான். மணி என்று சொன்னேன், இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். தெற்கு, மேற்கு ஆஸ்திரேலிய மாநிலங்களின் எல்லையை ஒட்டிய பார்டர் வில்லேஜ், யூக்லா பக்கத்தில் பெர்த்தைவிட 45 நிமிடம் கூடுதலாகக் கடிகாரம் வைத்திருப்பார்கள். ரோடுஹவுஸ் சமையலறை எப்போது மூடும் என்று கேட்கும்போது யாருடைய நேரம் என்றும் கேளுங்கள்.

உங்களுக்காக நான் போடும் திட்டம் இப்படி. சிடூனாவிலிருந்து நல்லர்பார் ரோடுஹவுஸ் சுமார் 300 கிலோமீட்டர். ரோடுஹவுஸுக்குச் சற்று முன்னால் ஹெட் ஆஃப் பைட் திருப்பம் வரும். ஜூலையில் தெற்கு ரைட் திமிங்கிலங்கள் குட்டிகளோடு கரையோரம் கிடக்கும், அதைப் பார்க்காமல் போகாதீர்கள். முதல் இரவு அந்த ரோடுஹவுஸில். இரண்டாம் நாள் ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான், யூக்லா. மணலில் புதைந்துகொண்டிருக்கிற பழைய தந்தி நிலையத்தைப் பகலிலேயே பார்த்துவிட்டு அங்கே தங்குங்கள். மூன்றாம் இரவு காக்கிள்பிடிக்கும் கைகூனாவுக்கும் நடுவே ஏதாவது ஓர் ஓய்விடம். நான்காம் நாள் கைகூனாவிலிருந்து 146.6 கிலோமீட்டர் வளைவே இல்லாத நேர்ச்சாலை. அது முடிந்து பலடோனியாவையும் தாண்டி 50 கிலோமீட்டரில் நியூமன் ராக்ஸ். அங்கே ஓர் இரவு, மறுநாள் மதியத்துக்குள் நார்ஸ்மன்.

நியூமன் ராக்ஸ் எனக்கு மிகவும் பிடித்த இடம். அதுவரை சுண்ணாம்புத் தரை தண்ணீரை எல்லாம் உறிஞ்சிக்கொண்டே வந்தது. அங்கே நிலம் மாறி, கருங்கல் பாறை தரையிலிருந்து வழுவழுவென்று எழும்பி நிற்கும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் பாறை மேல் ஓடிப் பள்ளங்களில் தேங்கும். இப்படிப்பட்ட பாறைக் குழிகளுக்குப் பழங்குடி மொழியில் ஞம்மா என்று பெயர். விலங்கு விழாமலும் வெயில் குடித்துவிடாமலும் இருக்க அந்த மக்கள் குழிகளைக் கல்லாலும் கிளைகளாலும் மூடிக் காப்பாற்றிவந்தார்கள். காலையில் எழுந்து பாறை மேல் ஏறிப் பாருங்கள், குளத்தைச் சுற்றி ஈரமண்ணில் பறவைக் கால் தடங்கள் கோலம் போட்ட மாதிரி இருக்கும். அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவவோ சோப்புப் போடவோ கூடாது. பக்கத்தில் பல கிலோமீட்டருக்கு அந்த உயிர்களுக்கு வேறு தண்ணீர் இல்லை.

ஓய்விடங்களைத் தேட விக்கிகேம்ப்ஸ் செயலியைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள், நானும்தான். ஆனால் அடிலெய்டிலேயே முழு வரைபடத்தையும் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். ரோடுஹவுஸ்களை விட்டு விலகினால் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. ஓர் இடத்தைப் பற்றிப் படிக்கும்போது நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், கடைசியாக எழுதியவர் எந்த மாதம் எழுதினார் என்று பாருங்கள். நாலு வருடத்துக்கு முன்னால் திறந்திருந்த இடம் இப்போது மூடப்பட்டிருக்கலாம். குறிப்பாக பண்டா செங்குத்துப் பாறைகளின் விளிம்பில் கேரவன் நிற்கிற படங்களை நிறையப் பார்ப்பீர்கள். அந்தப் பகுதியில் தேசியப் பூங்கா இருக்கிறது, பழங்குடி மக்களின் நிலமும் இருக்கிறது. பழங்குடி நிலத்தில் தங்க அனுமதி வாங்கவேண்டும். செயலி என்ன சொன்னாலும் அங்கே நட்டிருக்கிற பலகை சொல்வதுதான் கடைசி வார்த்தை. இன்னொன்று, அந்தப் பாறையின் அடிப்பகுதியைக் கடல் குடைந்துகொண்டே இருக்கிறது. மேலே நிற்கிறவருக்குக் காலடியில் எவ்வளவு வெற்றிடம் என்று தெரியாது. பிள்ளைகளோடு போகிற நீங்கள் அங்கே இரவு தங்கவே வேண்டாம். காற்றும் அங்கேதான் மோசம்.

மேற்கு ஆஸ்திரேலியாவில், பலகை வேறு விதமாகச் சொல்லாதவரை, சாலையோர ஓய்விடத்தில் 24 மணி நேரம் வரை தங்கலாம். நல்ல ஓய்விடம் என்பது சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருப்பது. சாலையோரமாகவே படுத்தால் இரவு முழுக்க ரோடு டிரெயின் போகும்போதெல்லாம் கேரவன் அதிரும். லாரிகளுக்கென்று ஒதுக்கிய நீளமான இடத்தில் கேரவனை நிறுத்தாதீர்கள். சட்டப்படி அவர்கள் குறிப்பிட்ட நேரத்தில் ஓய்வெடுத்தாக வேண்டும், இடம் இல்லை என்று அடுத்த ஓய்விடம் வரை கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓட்டினால் அது எல்லோருக்கும் ஆபத்து. பகலில் சாலையிலேயே வெள்ளைக் கோடு போட்டு, பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் இறங்கும் இடம் என்று எழுதியிருப்பதையும் பார்ப்பீர்கள். அங்கே ஒதுங்கி நிற்பதும் கூடாது. கேரவனை மூக்கு மேற்கே பார்க்க நிறுத்துங்கள், குளிர்காலக் காற்று பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். சமதளமா என்று பார்த்து, காரைக் கழற்றாமலே தூங்குங்கள். நடு இரவில் ஏதாவது சரியில்லை என்று பட்டால் அப்படியே கிளம்பிவிடலாம்.

கழிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிடூனாவிலும் நார்ஸ்மனிலும் கழிவறைப் பெட்டியைக் காலி செய்ய டம்ப் பாயிண்ட் இருக்கிறது. நடுவில் எத்தனை இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். பெட்டி 20 லிட்டருக்குள்தான் பிடிக்கும், நான்கு பேருக்கு இரண்டு மூன்று நாளில் நிறைந்துவிடும். பகலில் ரோடுஹவுஸில் டீசல் போடும்போதெல்லாம் எல்லோரும் அங்கேயே போய்விட்டு வாருங்கள். புதரில் காகிதம் பறந்து கிடப்பதைப் பார்க்கிறபோது எனக்கு மனசு ஆறாது. அப்படிச் செய்கிறவர்களால்தான் நல்ல இடங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன.

பார்டர் வில்லேஜில் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும்போது சோதனைச் சாவடி. பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் அங்கே கொடுத்துவிட வேண்டும், பாதி பாட்டில் தேன் என்றாலும். தண்ணீருக்குத் தடை இல்லை. தாகத்துக்கு ஆரஞ்சு வாங்கிவைக்கலாம் என்று நினைத்திருந்தால், எல்லைக்கு முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

காரில் யுஹெச்எஃப் ரேடியோ இருந்தால் 40-வது சேனலில் வையுங்கள். லாரிக்காரர்கள் அதில்தான் பேசுவார்கள். முன்னால் விபத்தா, ஓய்விடம் நிறைந்துவிட்டதா என்பதெல்லாம் அதில் முதலில் காதில் விழும். பிள்ளைகளோடு போகிறீர்கள், ஒரு சாட்டிலைட் போனையோ அவசரச் செய்தி அனுப்பும் கருவியையோ வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றுபோனால் உதவி தேடி நடக்காதீர்கள். வண்டியோடு, தண்ணீரோடு, நிழலில் இருங்கள். அந்தச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் யாராவது கட்டாயம் வருவார்கள்.

நார்ஸ்மனில் டேங்கில் மிச்சம் இருக்கிற பழைய தண்ணீரை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். அந்தக் குழாயில் வருவது பெர்த்துக்குப் பக்கத்து மலையில் உள்ள மண்டாரிங் அணை நீர். தங்கவயல் ஊர்களுக்காக 1903-ல் திறந்த குழாய்வழியின் கிளை இது. 500 கிலோமீட்டருக்கும் மேல் தண்ணீரைப் பம்ப் செய்து ஏற்றுகிறார்கள். கூல்கார்டியைத் தாண்டிப் பெர்த் சாலையில் திரும்பியதும் அந்தப் பெரிய குழாய் சாலையோரமாகக் கூடவே வர ஆரம்பிக்கும். நான்கு நாள் டம்ளர் கணக்கில் பல் தேய்த்த பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.